டிரைவர் இல்லாத கம்ப்யூட்டர்

பென்னலூர்
19.6.2012

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. மஸ்கட் வெயிலில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசினோமே, இப்போது எதற்கு லெட்டர் என்று கேட்பாய். அப்பா பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியாத கதை இது.

உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் கங்கா லீவில் வந்து, நீ கொடுத்தனுப்பிய வைஃபை சாமானைத் தந்தாள். கட்டைவிரல் அளவுகூட இல்லை, அதைச் சொருகினால் கம்பியில்லாமலே நெட் வருமாம்; கூடவே ஒரு சிடியும் மடித்த தாளும் இருந்தன. விசா கைக்கு வந்த பிறகுதான் மஸ்கட் போவதைச் சொன்னாய் என்று எட்டு மாதமாக உன் போனை எடுக்காத மனுஷன், "அவ அனுப்பின சாமான் ஒண்ணும் இந்த வூட்டுக்கு வாணாம்" என்று பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார். நானே அதைக் கம்ப்யூட்டரில் சொருகினேன். புதிதாக ஏதோ வந்திருக்கிறது, ஆனால் டிரைவர் (அதை ஓட்டுகிற புரோகிராமாம்) இல்லை என்று திரையில் காட்டியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் கம்பெனி பஸ் ஓட்டியவர் பின்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். "இன்னாங்க, டிரைவர் இல்லியாம்" என்று சத்தமாகவே சொன்னேன். பேப்பர் அசையவில்லை. வேண்டுமென்றே பிடுங்கிப் பிடுங்கி முன்னாலும் பின்னாலும் சொருகினேன். ஐந்தாவது தடவை, "மொதல்ல சிடிய போடணும், அப்பாலதான் சொருகணும், அந்தத் தாள்ல எழுதிக்கீது" என்று பேப்பருக்குள்ளிருந்து குரல் வந்தது. நானே அந்தத் தாளைப் பிரிக்கவில்லை, இவர் எப்போது படித்தாரோ!

அப்புறம் நாற்காலி அவருக்கு. சிடி ஓடி முடிந்தும் திரையில் கோளாறு காட்டும் மஞ்சள் குறி போகவில்லை, அப்பாவுக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. மாடியில் குடியிருக்கும் பாண்டிச்செல்வி ஷிப்ட் முடிந்து வந்தவள் எட்டிப் பார்த்து, "மாமா, சிடில உள்ளது பழசுல்லா, உங்க கம்ப்யூட்டருக்குச் சேராது" என்றாள். மேலே போய்த் தன் லேப்டாப்பில் சரியானதை எடுத்து பென் டிரைவில் கொண்டுவந்தாள். பழையதை நீக்கி, நிறுத்தித் திரும்பப் போட்டு, புதியதை ஏற்றினார்கள். பச்சை விளக்கு மின்னியது. அவள் தன் வைஃபை பாஸ்வேர்டைப் போட்டுவிட்டு, என் கண்ஜாடையைப் பார்த்துவிட்டு, உடனே கூப்பிடச் சொல்லி உனக்கு ஒரு மெசேஜும் தட்டினாள்.

"ஓடுதான்னு பாத்துகினு இருங்க, கொழம்பு அடி புடிக்குது" என்று உள்ளே போய்விட்டேன். அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. நீ கூப்பிட்ட சத்தம் கேட்டதும் அப்பா எழுந்தார், கதவுவரை போனார், திரும்பி வந்து தலையைக் கோதிக்கொண்டு உட்கார்ந்தார். எட்டு மாதம் கழித்து மகளிடம் பேசிய முதல் வார்த்தை "ஹலோ, டெஸ்டிங்". நீ "அப்பா" என்று அழுதாய். "சவுண்டு கிளியரா வருது" என்றார். உனக்குத் தெரிந்தது முகம் மட்டும்தான். மேஜைக்குக் கீழே அவர் கால் பஸ் பிரேக்கை மிதிப்பதுபோல் தரையை அழுத்திக்கொண்டிருந்ததை அடுக்களை வாசலிலிருந்து நான் பார்த்தேன்.

டிரைவரைத் தானே போட்டதாக எதிர்வீட்டுத் தாண்டவராயனிடம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நீயும் அப்படியே வைத்துக்கொள். நைட் டியூட்டி என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. கர்த்தர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். இந்த லெட்டரைப் படித்ததும் கிழித்துவிடு. இனி ஞாயிறுதோறும் கோயில் முடிந்து பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடு, அப்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன். அம்மா எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞானம்மா ரத்தினம்