தலைமாட்டில் நிற்பவள்

மார்ச் 4, செவ்வாய்

நேற்றும் தூக்கமில்லை. காலை ஐந்து மணிக்கு ஜிம் ஷட்டரைத் திறக்க வேண்டியவள் நான். சாவி என்னிடம்தான். போன மாதம் ஒருநாள் அசந்து தூங்கிவிட்டேன். என் வகுப்புப் பெண்கள் பூட்டிய ஷட்டர் முன்னால் நின்றார்கள். முதலாளி திட்டவில்லை. இன்னொரு தடவை நடந்தால் வேறு பயிற்சியாளரைப் பார்த்துக்கொள்வதாக மட்டும் சொன்னார். அன்றிலிருந்து, படுத்தால் அலாரத்துக்குக் காவல் இருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

உடம்பை அலுக்கவைத்தால் தூக்கம் தானாக வரும். ஊருக்கெல்லாம் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவளுக்கு இதுகூடத் தெரியாதா? ராத்திரி வேலை முடிந்ததும் மூச்சு முட்ட ஓடினேன். பிறகு கால் நடுங்கும்வரை உட்கார்ந்து எழுந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

வரவில்லை. படுத்த பிறகும் நெஞ்சு ஓடிக்கொண்டேதான் இருந்தது.

மார்ச் 10, திங்கள்

எப்படி எழுதுவது இதை?

தையல்கடை அக்கா பெஞ்சில் படுத்து, எடை மாட்டிய இரும்புப் பாரைத் தூக்கினார். தோள்வலிக்காக வந்து சேர்ந்தவர். இப்போது வகுப்பிலேயே அதிக எடை தூக்குகிறவர். நான் தலைமாட்டில், பாருக்குக் கீழே கை வைத்தபடி நின்றேன். அவர் கை தளர்ந்தால் பிடிக்கத் தயாராக நிற்பது மட்டும்தான் என் வேலை. கண் மூடிவிட்டது. எவ்வளவு நேரம்? தெரியாது. அவர் முனகிய சத்தத்தில் விழித்தால் — பார் அவர் நெஞ்சின்மேல் கிடக்கிறது. இழுத்துத் தூக்கி மாட்டினேன். நல்லவேளை, அடி எதுவுமில்லை.

"என்னம்மா, நின்னுக்கிட்டே தூங்கறியா?" என்று சிரித்தார்.

கை வழுக்கிவிட்டது என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். வியாழக்கிழமை இன்னும் எடை ஏற்ற வேண்டுமாம். "நீ பின்னாடி நிக்கிறப்ப எனக்கென்ன பயம்?"

பயம் எனக்குத்தான். கழுத்தில் விழுந்திருந்தால்? ஐயோ, கழுத்துல விழுந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்?

மார்ச் 11, செவ்வாய்

ஒன்றுமில்லாததற்கு வீட்டுக்காரர்மேல் எரிந்து விழுந்தேன். சாப்பாடு இறங்கவில்லை, வெறும் காபியில் ஓடுகிறது நாள். தான் எழுப்பிவிடுவதாகச் சொல்கிறார். இடி விழுந்தாலும் புரண்டு படுக்கிற மனுஷன்!

மார்ச் 12, புதன்

நாளை வியாழன்.

மார்ச் 13, வியாழன்

எடையை மாட்டினேன். அக்கா படுத்துவிட்டார். என்னால் பின்னால் போக முடியவில்லை.

"வேணாம்க்கா. அன்னைக்கு நான் நெஜமாவே தூங்கிட்டேன்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். மாட்டிய எடையை அவரே கழற்றி வைத்தார். என் வேலை போயிற்று என்று நினைத்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போதுதான், ஏன் தூங்குவதில்லை என்று கேட்டார். ஷட்டர் கதையைச் சொன்னேன்.

கையை நீட்டினார். "சாவிய இங்க குடு. ஜிம்முக்கு எதிர்வீட்டுல இருக்கிறவளுக்குத் திறக்கிறது ஒரு வேலையா? முதலாளிகிட்ட நானே சொல்லிக்கிறேன். ஆனா தூங்காம மட்டும் என் தலைமாட்டுல வந்து நிக்காத."

மார்ச் 17, திங்கள்

தூங்கினேனா என்று அக்கா கேட்டார். அரைகுறை என்றேன். பெஞ்ச் பக்கமே போகாமல் ஜிம் சைக்கிளை மிதித்துவிட்டுக் கிளம்பினார். சாவி போயும் பயம் போகவில்லை. ராத்திரி ஓட்டத்தை விட்டுவிட்டேன். மதியத்துக்குப் பிறகு காபியும் கிடையாது.

மார்ச் 27, வியாழன்

தெரு திரும்பும்போதே ஜிம்மில் விளக்கு எரிவது தெரிந்தது. அக்கா பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தூங்கினியா?"

"தூங்கினேன்க்கா. அலாரம் அடிச்சதே தெரியல. எங்க வீட்டுக்காரர்தான் எழுப்பிவிட்டாரு."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எடையை மாட்டிக்கொண்டு படுத்தார்.

"அப்ப பின்னாடி வந்து நில்லு."