ஒரு நாளைக்கு ஓரடி

என்னங்க,

நீங்கள் போனை எடுக்கவில்லை. அதனால் ஜோலார்பேட்டையில் உங்கள் அக்கா வீட்டு விலாசத்துக்கு இந்தக் கடிதம். சண்டையைப் பற்றி இல்லை, தேனீப் பெட்டியைப் பற்றி.

ஜன்னலடியில் பெட்டி வேண்டாம் என்று நான் கத்தினேன். "ஒரேயடியா தூக்கி வச்சா அதுங்களுக்கு வீடு தெரியாதுடி" என்று சொல்லிவிட்டு நீங்கள் கிளம்பிப் போனீர்கள். அன்று பொழுது சாய்ந்ததும் நானே தூக்கி எலுமிச்சை மரத்தடியில் வைத்தேன். பதினைந்து அடிதான்.

மறுநாள் காலை வெளியே போன தேனீக்கள் எல்லாம் ஜன்னலடிக்கே திரும்பி வந்தன. இல்லாத வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. பக்கத்து வீட்டு ஹெலன் அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இன்னாடி, வூட்டுக்காரர் மேல இருக்கிற கோவத்த பூச்சிங்ககிட்ட காட்டுறியா?"

மாலையே பெட்டியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். இப்போது ஒரு நாளைக்கு ஓரடி நகர்த்துகிறேன். எறும்பு ஏறாமலிருக்க ஸ்டாண்டின் கால்களுக்கு நீங்கள் வைத்த தண்ணீர்க் கிண்ணங்களும் கூடவே நகர்கின்றன. இன்று ஒன்பதாவது அடி. ஒன்றும் வழி தவறவில்லை. என்னை மட்டும் இரண்டு முறை கொட்டின, ஒன்று மூக்கில். பார்த்தால் சிரிப்பீர்கள்.

நீங்கள் சொன்னதுதான் சரி. இதை ஒருமுறைதான் எழுதுவேன்.

நீங்கள் ஷூ போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். ஆம்பூர் கம்பெனியில் நீங்களே தைத்த செருப்பு, விட்ட இடத்திலேயே வாசலில் கிடக்கிறது. அதைச் சுற்றித்தான் பெருக்குகிறேன். ஓரங்குலம்கூட நகர்த்தவில்லை.

மூக்கு வீங்கியபடி,
உங்கள் வீட்டுக்காரி