வீட்டு வீடியோவில் மாட்டிக்கொண்ட அப்பா

அன்பு மகன் மதிவாணனுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே பெர்மாஸ் ஜெயாவில் நானும் உங்கப்பாவும் மாரியாத்தா புண்ணியத்தில் சுகம், அங்கே டப்ளினில் நீயும், நீ சமைப்பதையெல்லாம் தாங்கிக்கொள்ளும் உன் வயிறும் சுகமாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறோம், இது என்ன கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் உங்கப்பா ஸ்பீக்கரைத் தட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அவர் கதையை அவர் காதுபட எப்படிச் சொல்வது. அதனால் உனக்கு அனுப்பும் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் இதையும் சொருகிவிட்டேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை போனவள், பிழை இருந்தால் வாத்தியார் வேலை பார்க்காமல் படி.

இந்த வீட்டை விற்றுவிட்டு பெக்கான் நானாசில் தனலெட்சுமி சின்னம்மா வீட்டுக்கு அடுத்த தெருவில் மாடி இல்லாத வீடாகப் பார்த்துப் போகலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். எல்லாம் உங்கப்பா முட்டிக்காகத்தான். இத்தனை வருடம் ஃபேக்டரி பஸ் ஓட்டி கிளட்ச் மிதித்த கால், மாடி ஏறினால் முகம் கோணிப் போகிறது. கேட்டால், முட்டிக்கு என்னா, நல்லாத்தான் இருக்கு, மாடி கூட்டச் சோம்பேறிப்பட்டுக்கிட்டு என் கால் மேல பழி போடுறே என்பார். விளம்பரத்துக்கு வீட்ட வீடியோ எடுக்கட்டும், ஊரே பாக்கட்டும், விக்கிறதுக்கு நான் தலையாட்டினாத்தானே என்று அது வரைக்கும்தான் இறங்கி வந்தார். அந்தத் தலை ஆடுமா ஆடாதா என்பதுதான் என் கவலையாக இருந்தது.

வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட் ரூபினி என்று ஒரு பெண், கெட்டிக்காரி, சிரித்த முகம், இன்னும் கல்யாணம் ஆகவில்லை, சும்மா தகவலுக்குத்தான் எழுதுகிறேன். அவள் முதல் நாள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, ஆன்டி, வீட்டுல ஆள் இருக்கிற மாதிரியே தெரியக்கூடாது, வாங்கறவங்க அவங்க சோபாவ மனசுல போட்டுப் பாக்கணும் லா என்றாள். சுவரில் இருந்த கல்யாணப் படம், மளிகைக் கடை கொடுத்த காலண்டர்கள், வாசலில் செருப்பு, மேசை மேல் ஊறுகாய் பாட்டில், எல்லாம் போக வேண்டுமாம். அன்றைக்கு நெத்திலி பொரிக்காதீங்க என்றும் சொன்னாள். ஏம்மா, போன்ல வாசம் போகுமா என்றேன். எனக்கு வரும்ல ஆன்டி, நான் சாப்பிட உக்காந்துட்டா வீடியோ யாரு எடுக்கிறது என்றாள். சாமி மேடையை மட்டும் நான் தொடவில்லை, திரையை இழுத்துவிட்டு, முருகா கொஞ்ச நேரம் தூங்கு என்று சொல்லிவிட்டேன்.

உன் அறையைக் காலி பண்ணினேன். பல வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த டப்பர்வேர் மூடிகள் உன் கட்டிலுக்கடியில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன, உன் மேல் வழக்குப் போடலாம் என்றிருக்கிறேன். சாமான் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு மலாய்க்காரி காக் சோமின் ஹாலில் கொண்டுபோய் அடுக்கினோம். அலமாக், வீட்டை விக்கிறது நீயா நானா என்று அவள் மலாயில் கேட்டுச் சிரிக்கிறாள். இந்தப் பக்கம் நான் உங்கப்பாவின் ரோத்தான் பிரம்பு நாற்காலியை வெளியே தள்ளினால் அந்தப் பக்கமாக அவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து பழைய இடத்திலேயே போட்டு அதில் உட்கார்ந்தும்விடுவார். நாற்காலியோடு உங்களையும் சேத்து வித்துருவேன் என்று சொன்ன பிறகுதான் எழுந்தார்.

வீடியோ எடுக்கும்போது குறுக்கே யாரும் வரக்கூடாது என்று ரூபினி சொல்லியிருந்தாள். நான் வாசலில் கார் நிறுத்துகிற இடத்தில் போய் நின்றேன், உங்கப்பா மாடியில் பின் அறையில் இருந்தார். அவள் போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு முதலில் மாடியை எடுத்தாள், அப்புறம் கீழே இறங்கி ஒவ்வொரு இடமாக எடுத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் அந்த வீடியோவை எதையும் வெட்டாமல் அப்படியே என் போனுக்கு அனுப்பி வைத்தாள், நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். நம் வீடா இது என்று எனக்கே ஆசையாக இருந்தது. கடைசியில் ஹாலில் இருந்து படிக்கட்டைக் காட்டுகிறாள், அங்கே மேல் படியில் உங்கப்பா கால் தெரிகிறது. அவள் வேலை முடிந்து போய்விட்டாள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நடந்து வருவார் என்று பார்த்தால், மடித்து வைத்த துண்டைப் படியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி நகர்ந்து, துண்டை இழுத்துப் போட்டு, அடுத்த படி. நடக்கப் பழகாத வயதில் நீ இறங்குவாயே, அப்படி. துண்டு மடித்திருந்த அழகைப் பார்த்தால் இது இன்று நேற்றுப் பழக்கம் இல்லை என்று தெரிந்தது. நான் சமையல்கட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து இத்தனை நாளும் இப்படித்தான் இறங்கியிருக்கிறார். அவர் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். பார்த்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லி இந்த ஆளை வெட்டச் சொல்லு, இவனைப் பாத்தா யாரு மாடி வீடு வாங்குவா, வீடு விக்கணும்ல என்றார்.

அவ்வளவுதான், தலை ஆடிவிட்டது. இப்போது ஹாலில்தான் படுக்கை. நேற்றுச் சின்னம்மாவுக்கு அவரே போன் போட்டு, அங்கே நமக்குப் பார்த்திருக்கும் வீட்டுக் குளியலறையில் படி இருக்கா, தரையோட தரையா இருக்கா என்று விசாரித்தார், நான் காது கேட்காதவள் மாதிரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

நீ போன் பண்ணும்போது முட்டி எப்படி என்று கேட்டு வைக்காதே, அம்மா எழுதினாள் என்றும் சொல்லாதே. புது வீடு எப்படிப்பா என்று மட்டும் கேள், அவர் அளக்கட்டும். வீடியோவில் இருந்து வெட்டிய அந்தப் பகுதியை ரூபினி எனக்கு அனுப்பியிருக்கிறாள். உனக்கு அனுப்ப மாட்டேன், கேட்காதே. தலைக்கு எண்ணெய் வை, காலுறை போட்டுத் தூங்கு. மாரியாத்தா உனக்குத் துணையிருந்து நல்ல உடம்பும் நல்ல பெண்டாட்டியும் கொடுக்கட்டும். அடுத்த தடவை நீ பெக்கான் நானாசில் வந்து இறங்கும்போது, எனக்கு முன்னால் வாசலுக்கு வருகிறவர் உங்கப்பாவாகத்தான் இருப்பார், நடந்து.

உன் அம்மா,
சந்திரமதி சபாபதி