‘ஆகட்டுங்க’ என்ற வீடுகள்

1996 ஜூலை 1, திங்கள்

காலையிலிருந்து தூறல். பாலக்காட்டுக் காற்று. துடியலூரில் பஸ் இறங்கிப் பயிற்சி மையத்துக்கு நடப்பதற்குள் சேலைக் கரையெல்லாம் சேறு. குடை வீட்டில்.

இன்று மார்க்கெட் சர்வே ஒப்படைக்கும் நாள். தொழில் தொடங்கும் முன், வாங்கப் போகிறவர்களிடமே போய்க் கேட்டு எழுதி வாருங்கள் என்று போன வாரம் தொண்டை வறளப் பாடம் நடத்தி அனுப்பினேன். வந்திருப்பதைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வகுப்பில் பாதிப் பேர் கிரைண்டர் கம்பெனி போடப் போகிறார்கள். ஏன் கிரைண்டர்? மாமன் மகன் போட்டிருக்கிறான், அதனால். சரி, விற்குமா? எல்லாரும் வாங்குவதாகச் சொன்னார்களாம். எல்லாருமா? எல்லாரும். எந்தத் தாளிலும் ஒரு ‘வேண்டாம்’ இல்லை.

“எப்படிக் கேட்டீங்க?”

“ஏனுங்க, நான் கிரைண்டர் போட்டா வாங்குவீங்களான்னு கேட்டனுங்க.”

“என்ன சொன்னாங்க?”

“ஆகட்டுங்க, தாராளமா வாங்கிக்கறமுங்கன்னாங்க.”

வாசலுக்கு வந்தவரிடம் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று இந்த ஊரில் யார் சொல்லியிருக்கிறார்கள்? பெண் கேட்டு வந்தவர்களிடம்கூட ‘ஜாதகம் பாத்துப்போட்டுச் சொல்றமுங்க’ தான். அந்தப் பாடப் புத்தகம் எழுதியவர் எந்த ஊரோ. ஒரு நாள் இங்கே வந்து சர்வே எடுத்துப் பார்க்கட்டும்.

கிரைண்டரே வேண்டாம், அதில் ஆட்டிய மாவை விற்கிறேன் என்று வந்திருக்கும் ஒரே ஆள் ஸ்டெல்லா. மில்லில் நூல் சுற்றும் ரீலிங் செக்‌ஷனில் இருந்தவள். மில் மூடிவிட்டார்கள். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், வந்தால் வந்தார். இரண்டு பிள்ளைகளும் இங்கே பள்ளிக்கூடத்தில். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வரச்சொல்லி அக்கா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாளாம். போனால் பிள்ளைகள் ஹாஸ்டலில். போகாமலிருக்கத்தான் இட்லி மாவு.

புது லே-அவுட் வீடுகளில் கேட்டு வந்திருக்கிறாள். வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கிற வீடுகள். நல்ல யோசனை. அங்கேயும் எல்லாரும் ‘ஆகட்டும் கண்ணு’ தான். இருந்தாலும் இந்த வகுப்பில் உருப்படப்போகிறவள் இவள் ஒருத்திதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜூலை 3, புதன்

வாங்க: பிளீச்சிங் பவுடர், சாக்பீஸ் (மையத்தில் தீர்ந்து ஒரு வாரம்), குடைக்குக் கம்பி.

டைரக்டர் கூப்பிட்டார். இனி இவரை டை. என்றே எழுதுகிறேன், முழுதாக எழுதினால் எரிச்சல் வருகிறது. ஆண்டறிக்கைக்கு ஒரு வெற்றிக் கதை வேண்டுமாம். போட்டோவோடு.

“இன்னும் யாரும் தொழிலே ஆரம்பிக்கலீங்க சார்.”

“ஆரம்பிச்சுட்டாப் போச்சுங்க மேடம். ஆடி பொறக்கறதுக்குள்ள ஒரு திறப்பு விழா வெச்சுருவோம். பேங்க் மேனேஜரையும் கூப்புடலாம். அந்த மாவுக்காரம்மாளைப் போட்டுருங்க.”

ஆடியில் இங்கே யாரும் எதையும் தொடங்குவதில்லை. அதனால் பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை. முதலில் விழா, பிறகு வியாபாரம்! ஆனால் மேனேஜர் வருவார் என்பதால் சரி என்றேன். ஸ்டெல்லா பெரிய கிரைண்டருக்குக் கடன் கேட்டு எழுதிய மனு அவர் மேஜையில்தான் தூங்குகிறது. அது கிடைத்தால் அவள் திருப்பூர் போக வேண்டியதில்லை.

வீட்டில் இவர் தன் லேத் பட்டறைக்கு இன்னொரு மெஷின் வாங்கப் போகிறாராம். ஏன் என்று கேட்டேன். பக்கத்துப் பட்டறைக்காரர் வாங்கிவிட்டார். ஊருக்கெல்லாம் தொழில் மேலாண்மை சொல்லித் தருகிறவளின் வீடு!

ஜூலை 6, சனி

ஸ்டெல்லாவின் முதல் நாள் விற்பனை. வாடகைக் கிரைண்டர். கரண்ட் இரண்டு முறை போனது. குளிருக்கு மாவு பொங்காமல் கம்பளியெல்லாம் சுற்றி வைத்து ஒருவழியாகப் பொங்கியது. அருமையான மாவு. நானே தொட்டுப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி இருந்தது.

மதியம் வாளி நிறைய மாவோடு திரும்பி வந்தாள்.

“யாரும் வேண்டாம்னு சொல்லலீங்க டீச்சர். ஒரு ஊட்டுல நேத்தே ஆட்டிப்போட்டாங்களாம். ஒரு ஊட்டுல இன்னைக்கு விருந்தாளியாமா, சோறாக்கறாங்களாம். இன்னொருத்தரு விரதமாமுங்க. எல்லாரும் நாளைக்கு வாம்மான்னாங்க.”

தற்செயல் என்றேன். வாளியில் கொண்டுபோனால் யாருக்குப் பிடிக்கும், பாக்கெட்டில் போடு என்றேன். பாக்கெட்டில் பெயர் இருக்க வேண்டும், காலையில் போகாதே, சாயங்காலம் போ என்றேன். பொருள், விலை, இடம், விளம்பரம் என்று நாலு விரலை மடக்கி மறுபடி ஒரு வகுப்பே எடுத்தேன். பாவம், தலையாட்டிக்கொண்டே கேட்டாள். மாவைக் காலனியில் கொடுத்துவிடப் போகிறாளாம், காசில்லாமல்.

ஜூலை 8, திங்கள்

வெயில், ஆச்சரியம். துணி காய்ந்தது.

பாக்கெட்டும் விற்கவில்லை. இந்த முறை நானும் கூடப் போனேன். மூன்றாவது வீட்டில் அந்தம்மா கேட்டுக்கு வந்து “வாங்க வாங்க அம்மணி, உள்ளார வாங்க” என்று என் கையைப் பிடித்து அழைத்துப் போனார். காப்பி கொடுத்தார். ஸ்டெல்லா கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். அவளை யாரும் கூப்பிடவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. அவளாகவே நின்றுகொண்டாள். பழகிய மாதிரி.

“மாவு நல்லாத்தானுங்க இருக்கும்,” என்றார் அந்தம்மா, குரலைத் தணித்து. “ஆனா ஆரு ஆட்டுனதுன்னு எங்க மாமியார் கேப்பாங்கல்ல? எனக்கொண்ணும் இல்லீங்க. அந்தப் புள்ளகிட்ட எப்படிங்க சொல்றது, மனசு நோகுமில்ல? அதான் ஆகட்டும்னு சொல்லிப்போட்டேன்.”

மனசு நோகுமாம்! காப்பி பாதி டம்ளர் குடித்திருந்தேன். மீதியை வைத்துவிட்டு வந்தேன். அதுவும் மரியாதையாகத்தான், “வாரனுங்க” என்று சொல்லிவிட்டுத்தான். என் நாக்கும் இந்த ஊர் நாக்குதானே.

எனக்கு வருகிற ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. போன மாதமே வேண்டாம் என்று சொல்லித் தொலைத்திருந்தால் வேறு தொழில் யோசித்திருப்போம். வாடகைக் கிரைண்டர் எடுத்திருக்க மாட்டாள். அரிசி, உளுந்து, பாக்கெட், அலைச்சல், எல்லாம் அந்த ‘ஆகட்டும் கண்ணு’வை நம்பி. அவளை நம்ப வைத்தது என்னுடைய சர்வே.

திரும்பும்போது ஸ்டெல்லா, ரயில்வே கேட் வந்ததும், “நிறுத்திரலாங்களா டீச்சர்?” என்றாள். வெள்ளிக்கிழமை மேனேஜர் வரட்டும் என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

டை.யிடம் சொன்னேன். முழுதாக, ஒளிக்காமல். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். வருத்தமாகத்தான் கேட்டார்.

“இதெல்லாம் ரிப்போர்ட்டுல எழுத முடியாதுங்க மேடம். நுகர்வோர் தயக்கம்னு ஒரு வரி போட்டுருங்க.”

நுகர்வோர் தயக்கம். நல்ல தமிழ்!

விழா நடக்குமாம். வாழைமரம், பேனர், மைக் செட் சொல்லியாகிவிட்டதாம். வருகிறவர்களுக்கு ஸ்டெல்லா மாவிலேயே இட்லி. அது என் யோசனை. மேனேஜர் சாப்பிட்டுப் பார்த்தால் கையெழுத்துப் போடுவார் என்று கணக்குப் போட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

கால் வலி. கோபம். இரண்டில் எது அதிகம் என்று தெரியவில்லை.

மையத்தில் நல்ல கூட்டம். பவுண்டரி முதலாளி வீட்டம்மா ரிப்பன் வெட்டினார். டை. பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். மேனேஜரும் பேசினார். பெண்கள் நாட்டின் கண்களாம். பிறகு இட்லி, தேங்காய்ச் சட்னி. எல்லாரும் தட்டு வாங்கிக்கொண்டார்கள். யாரும் மறுக்கவில்லை. “இட்லி பூவாட்ட இருக்குதுங்க” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். டை. போட்டோவுக்காக ஒரு விள்ளலை வாயருகே கொண்டுபோனார். பளிச்சென்று வெளிச்சம் அடித்ததும் கையை இறக்கிவிட்டார். சுகராம்.

கூட்டம் கலைந்தபின் பார்த்தேன். நாற்காலிக்கு அடியிலெல்லாம் தட்டு. இட்லி அப்படியே. சிலதில் ஓரத்தை மட்டும் கிள்ளி விட்டிருந்தார்கள். மேனேஜர் தட்டை மேஜைக்கு அடியில், பேனர் துணிக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தார். வகுப்புப் பையன்கள் நாலைந்து பேர் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் கோபத்தில் நான் பொய் எழுதியதாகும்.

மேனேஜரை ஜீப் வரைக்கும் துரத்திப் போய்க் கடனைப் பற்றிக் கேட்டேன்.

“பாத்துக்கலாமுங்க மேடம். ஆடி போகட்டும்.”

எனக்கு இப்போது இந்தப் பாஷை நன்றாகப் புரிகிறது.

ஸ்டெல்லா தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நானும் குனிந்து எடுக்கப் போனேன். நிமிராமலே கேட்டாள்:

“நீங்க சாப்பிட்டீங்களா டீச்சர்?”

சாப்பிடவில்லை. காலையிலிருந்து மைக், மாலை, நாற்காலி, ஜீப். உட்கார நேரமில்லை. அதுதான் காரணம். அதுதானா? என்னையே கேட்கிறேன், அதுதான் காரணம். ஆனால் அந்த நேரத்தில் அவளிடம் சொன்னால் விரதம், விருந்தாளி, சுகர் வரிசையில் அதுவும் ஒன்று.

ஆறிப்போன இட்லி மூன்றை நின்றபடியே சாப்பிட்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். அந்த வார்த்தையைத்தான் காலையிலிருந்து எல்லாரும் சொல்லிப் பாழாக்கி வைத்திருக்கிறார்களே.

ஜூலை 14, ஞாயிறு

துணி, எண்ணெய்க் குளியல், தலைவலி. இவர் மெஷினுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். கேட்டால் சிரிக்கிறார்.

ஸ்டெல்லா திருப்பூருக்குக் கிளம்பியிருப்பாள். போய்ப் பார்க்க வேண்டும். போய் என்ன சொல்வது? வெற்றிக் கதையை நாளைக்குக் கொடுக்க வேண்டுமாம், டை. என் வீட்டுக்கே போன் செய்துவிட்டார். “ஆகட்டுங்க சார்” என்றேன். சொன்ன வாயை என்ன செய்யலாம்.

ஜூலை 15, திங்கள்

மறுபடி தூறல்.

டை. மேஜையில் ஒரே ஒரு வரி எழுதி வைத்தேன்: வெற்றி எதுவும் இல்லாததால் கதை எழுத இயலவில்லை. அடுத்த பேட்சுக்கு என்னைக் கூப்பிடுவார்களா தெரியாது. கூப்பிடாவிட்டால் மரியாதையாகவே கூப்பிடமாட்டார்கள்.

மதியம் ஸ்டெல்லா வந்தாள். ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்குகிறது. சேலையெல்லாம் மாவு. திருப்பூர் போவதாகச் சொல்ல வந்திருக்கிறாள் என்றே நினைத்தேன்.

பட்டறைகள் இருக்கிற தெருவில் பாலக்காட்டுக்காரர் ஒருவர் மெஸ் நடத்துகிறாராம். ஆட்டுகிற ஆள் நின்றுவிட்டானாம். விழாவுக்கு வாங்கியதில் மீந்த அரிசி, உளுந்தை ஆட்டி, நேற்றுச் சாயங்காலம் அந்த மாவோடு போயிருக்கிறாள்.

“எடுத்த எடுப்புல வேண்டாம்னுட்டாருங்க டீச்சர்!”

அவ்வளவு சந்தோஷத்தோடு ஒருத்தி இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

“வாளிக்குள்ள கைய விட்டுப் பாத்து, தண்ணி சாஸ்தின்னு திட்டுனாருங்க. உளுந்து பத்தலையாமா. வெலையக் கேட்டுப்போட்டு, என்னைக் கொள்ளையடிக்க வந்தியான்னாருங்க. அவரா ஒரு வெலை சொன்னாருங்க. நேராச் சொன்னாரு. மூஞ்சியப் பாத்துச் சொன்னாரு.”

“நீ என்ன சொன்னே?”

“உங்க வெலைக்குக் கட்டாதுங்கன்னு சொன்னேன். வாளியத் தூக்கிக்கிட்டு நடந்துட்டேன். திரும்பியே பாக்கலீங்க டீச்சர்.”

“அப்புறம்?”

“கூப்பிட்டாருங்க.”