காருக்கு இடம் பிடித்த நாற்காலிகள்

நேற்றிரவு சாப்பாட்டு மேஜையில் இருந்தவர்கள்: நான், நாற்காலியில். மகள், கவிழ்த்த வாளியின் மேல். நீ, தட்டும் கையுமாக, நின்றபடி. மற்ற இரண்டு நாற்காலிகளும் வாசலில், வரப்போகும் மின்சாரக் காருக்கு இடம் பிடித்துக்கொண்டிருந்தன.

“உங்க கார் வர்றதுக்குள்ள என் கால் போயிடும்” என்று ரூம் கதவைச் சாத்தினாய். அதோடு பேச்சு நின்றது. ஆகவே இச்சீட்டு.

இன்று மதியத்துக்கு மேல், நான் வேலையில் இருக்கும்போது, கார் வந்துவிடும் என்று கடையில் சொன்னார்கள். போன வாரமும் இதையேதான் சொன்னார்கள். வண்டி தெருமுனையில் திரும்புவதைக் கண்ணால் பார்த்த பிறகே நாற்காலிகளை எடு. முன்னாலேயே எடுத்தால் மாடிவீட்டுக்காரர் தன் வேனை நுழைத்துவிடுவார். மனுஷன் ஜன்னலிலேயே குடியிருக்கிறார். சார்ஜ் வயரைக் கேட்டு வாங்கு. சாப்பாடு அடுப்பின் மேல்.

இவ்வளவும் எழுதிவிட்டு வாசலுக்குப் போனேன். உன் நாற்காலி பனியில் நனைந்து கிடந்தது. மனசு கேட்கவில்லை. துடைத்து உள்ளே கொண்டுவந்து போட்டுவிட்டேன். அந்த இடத்தில் இப்போது என்னுடையது நிற்கிறது. கார் வரும்வரை நான் நின்றே சாப்பிடுகிறேன். மகளுக்கு வாளியே வசதியாம்.

பி.கு: முதலில் நீயே ஓட்டு. நான் இன்னும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையே என்று யோசிக்காதே. சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து இறங்கும் பஸ் ஸ்டாப்புக்கு வா.

உறையை ஒட்டி மகளிடம் கொடுத்தேன். “பக்கத்து ரூமுக்கு லெட்டராப்பா?” என்று சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் கையிலேயே வைத்து, உறையின் முதுகில் இதையும் எழுதி அனுப்புகிறேன்:

பேச வேண்டாம். ஹாரன் அடித்தால் போதும், ஏறிக்கொள்கிறேன்.