மேடம் என்று கூப்பிடப் பழகிய வருடம்

ஜூன் 4

பொறுப்புத் தலைமையாசிரியராக இன்று என் கடைசி நாள். ஏழு மாதம். நிரந்தரப் பதவியும் எனக்கே வரும் என்று நான் மட்டுமல்ல, அலுவலக எழுத்தரும் நம்பினார். பலகையில் பெயர் எழுத ஆள் சொல்லவா என்றுகூடக் கேட்டுவிட்டார். வந்த ஆணையில் இருந்தது என் மனைவியின் பெயர். தீவுப் பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் இருபது வருடம் கணக்கு நடத்தியவள். என்னைவிட எட்டு மாதம் பணிமூப்பு. இந்தத் தீவுக்கு இருப்பது ஒரே ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. அதில் இனி அவள் தலைமை, நான் அறிவியல்.

சந்தோஷமா? சந்தோஷம்தான்.

ஜூன் 5

சாவிக்கொத்தை ஒப்படைத்தேன். "தேங்க்ஸ் சார்" என்றாள். "சரிங்க மேடம்" என்றேன். எழுத்தர் கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

ஜூன் 9

மகள் எங்கள் பள்ளியில்தான் எட்டாவது. சாப்பிடும்போது கேட்டாள்: "அப்பா, உங்க மேல புகார் குடுக்கணும்னா அம்மாகிட்டதான குடுக்கணும்?"

"எழுத்துல குடுக்கணும்" என்றாள் அவள் அம்மா. நானும் சிரித்தேன். கொஞ்சம் தாமதமாக.

ஜூன் 16

புதிய கால அட்டவணை. பதினொரு வருடமாக நான் நடத்திவந்த பத்தாம் வகுப்பு இல்லை. எனக்கு ஒன்பது 'சி'. ஓய்வறையில் பேரைச் சொன்னாலே எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற வகுப்பு.

அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"பத்தாவதுக்கு யார் போனாலும் அந்தப் புள்ளைங்க படிச்சிடும். ஒன்பது சி-க்கு நீங்க போனாத்தான் ஆகும், சார்."

அந்த 'சார்'தான் சுட்டது. உள்ளே நாங்கள் ரெண்டு பேர்தானே? யாருக்குக் கேக்கணும்னு சார்?

ஜூன் 17

பேசவில்லை.

ஜூன் 18

பேசவில்லை. காபி மட்டும் மேசைக்கு வந்தது. குடித்தேன். கோபம் வேறு, காபி வேறு.

ஜூன் 20

பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு இடமாறுதல் கேட்டு விண்ணப்பித்தேன். விதிப்படி தலைமையாசிரியர் வழியாகத்தான் போகவேண்டும். நிதானமாகப் படித்தாள். 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தடுப்பாள் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன்தான்.

சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "போறதுன்னா போங்க. கோவத்துல மட்டும் போகாதீங்க."

போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூலை 11

ஒன்பது 'சி'யில் கடைசி பெஞ்சுப் பெண் கேட்டாள்: கண்ணாடியில் இடமும் வலமும் மாறுகிறதே, மேலும் கீழும் ஏன் மாறவில்லை? பதினொரு வருடம் பத்தாவதில் ஒருவரும் கேட்டதில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்து வந்தேன். வீட்டில் கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கி, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எப்படிப் பாத்தாலும் அவ்ளோதாம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள் மகள்.

ஜூலை 12

சொன்னேன். கண்ணாடி திருப்புவது முன்னையும் பின்னையும்தான், இடவலத்தை அல்ல. புரிந்தது, அந்தப் பெண்ணுக்கும் எனக்கும்.

செப்டம்பர் 24

விடியற்காலையிலிருந்து பேய்க்காற்று. பாலத்தை மூடிவிட்டார்கள். இன்று காலாண்டுத் தேர்வு. பிள்ளைகள் எல்லோரும் தீவுக்காரர்கள். நானூறு பேரும் நடந்தே வந்துவிட்டார்கள். ஆசிரியர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கரை. இங்கே எழுத்தரையும் சேர்த்து ஐந்து பேர்.

தேர்வைத் தள்ளிவைத்திருக்கலாம். அவள் என் பக்கம் திரும்பி, "என்ன பண்ணலாம்?" என்றாள். மொத்தப் பேரையும் பெரிய கூடத்திலும் அதன் தாழ்வாரத்திலும் உட்காரவைத்து, வகுப்புகளைக் கலந்துவிட்டால் பக்கத்தில் பார்த்து எழுத வழியில்லை, ஐந்து பேர் போதும் என்றேன். பெஞ்சு தூக்க யார்? ஒன்பது 'சி'தான். நாற்பது நிமிடத்தில் முடித்தார்கள்.

அவள் மேடையேறி, முதல் வரிசைக்கு மட்டும் கேட்கிற குரலில் விதிமுறைகளை வாசிக்க ஆரம்பித்தாள். பின்வரிசை தானாக அடங்கியது. நானாக இருந்தால் கத்தியிருப்பேன். ஏழு மாதமும் கத்திக்கொண்டுதான் இருந்தேன்.

மதியம் கவிழ்த்துப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்தோம். அவசரத்தில் ஒரு டப்பாதான் எடுத்து வந்திருந்தோம். ஆளுக்குப் பாதி.

"என்னங்க, காலு கழண்டு விழற மாதிரி இருக்கு" என்றாள். பள்ளிக்கூடத்துக்குள் முதல் 'என்னங்க'.

நவம்பர் 2

இடமாறுதல் ஆணை வந்துவிட்டது. நான் மறந்தே போயிருந்தேன். பதினைந்து நாளில் சேர வேண்டும், இல்லையென்றால் மறுப்புக் கடிதம். மறுப்புக் கடிதத்தையே எழுதிக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். காரணம் எழுதும் இடம் காலியாக இருக்கிறதே என்றாள்.

"ஒன்பது சி-ல ஒளிவிலகல் பாதியில நிக்குது, மேடம்."

"இதெல்லாம் காரணம்னு எடுத்துக்க மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே அதைத் தன் கையால் எழுதினாள்.

ஏப்ரல் 29

முழுப் பரீட்சையில் ஒன்பது 'சி'யில் மூன்று பேர்தான் தவறினார்கள். பத்தாவதுக்கும் இவர்களோடு என்னை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எழுத்துமூலம்.

ஜூன் 3

பள்ளி திறந்த முதல் நாள். புதிதாக வந்த கணக்கு டீச்சர் வாசலில் திகைத்து நின்றார். என் நரைத்த தலையைப் பார்த்து, "ஹெட்மாஸ்டர் நீங்கதானே சார்?" என்றார்.

"இல்லீங்க. எங்க வீட்டம்மா. வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

போகிற வழியில் பள்ளியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கால அட்டவணையை அவள் மாற்றியது, பெற்றோர் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்குக் கொண்டுவந்தது, புயல் நாளில் கூடத்தை அடக்கியது. அறை வந்த பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே நின்றேனாம்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "சார், அவங்கள முதல்ல உள்ள விடுங்க."