கடலோரக் கல்லறைப் படம்

அச்சகத்து ஆள் மதியம் வருவார். மேசைமேல் நம் புத்தகப் பக்கங்கள் இருக்கும் உறையை அவரிடம் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். நீங்கள் வரைந்து நான் நீக்கிய படத்தை மறுபடியும் உள்ளே வைத்திருக்கிறேன்.

கல்லறைகளுக்கு நடுவே கடல் வந்து நிற்கும் அந்தப் படம், தீவு நாடுகளைப் பற்றிய பிள்ளைகள் புத்தகத்துக்கு வேண்டாம் என்றேன். "சின்னப் பசங்க பயந்துடுவாங்க."

"அங்கயும் சின்னப் பசங்க இருக்காங்க. அதுக்குப் பக்கத்துலதான் விளையாடுறாங்க. நானும் அங்கதான் விளையாடினேன்" என்றீர்கள். அதற்குப் பிறகு சாப்பிடும்போது உப்புகூடக் கேட்கவில்லை, நீங்களே எழுந்து போய் எடுத்துக்கொண்டீர்கள்.

பயந்தது பிள்ளைகள் இல்லை, நான்தான். உங்கள் ஊர் கடலில் மூழ்கி, கடைசியில் படத்தில் மட்டும்தான் இருக்குமோ என்று.

படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: 'கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து இந்தத் தீவின் பிள்ளைகள் இங்கே விளையாட வருவார்கள்.' பிடிக்கவில்லையென்றால் அடித்துவிடுங்கள்.

சாப்பாடு அடுப்பின்மேல் மூடியிருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். நின்றுகொண்டே சாப்பிடாதீர்கள். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. படத்தில் மற்றக் கல்லறைக் கற்களிலெல்லாம் பெயர் எழுதிய நீங்கள், தண்ணீருக்குள் நிற்கும் ஒரு கல்லை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவுடையதுதானே? அத்தையை நான் பார்த்ததே இல்லை. பேனாவை உறைமேல் வைத்திருக்கிறேன். அச்சகத்து ஆள் வந்துவிட்டால் உட்காரச் சொல்லுங்கள். காத்திருக்கட்டும்.